மோனோவில் காணாமல் போன பேஸ்

குளச்சல் பக்கம் எங்கள் இளைஞர் மன்றத்தின் இரவு நிகழ்ச்சி. மாலையில் நான் செய்த டப்ஸ்டெப் (கனத்த பேஸை வைத்து ஓடும் மின்னணு இசை) டிராக்கை ஓட்டிப் பார்த்தால், ஹெட்ஃபோனில் நெஞ்சை அதிரவைத்த பேஸ், அதாவது அடி ஒலி, ஸ்பீக்கர் பாக்ஸில் இல்லவே இல்லை. 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 தட்டு) டிரம்ஸ் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. டப்ஸ்டெப்பில் பேஸ் போனால் பாட்டே போச்சு.

"மக்கா, எல்லா பாக்ஸுக்கும் ஒரே லைன்தான் போவுது" என்றார் சவுண்ட் செட் அண்ணன். அதில்தான் பிடி கிடைத்தது. அகலமாகக் கேட்கட்டும் என்று பேஸில் ஸ்டீரியோ வைடனர் (இடது, வலது ஒலியை வேறுபடுத்தி அகலமாக்கும் எஃபெக்ட்) போட்டிருந்தேன். இடது, வலது அலைகள் எதிரெதிர் ஃபேஸில், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி இருந்ததால், ஒரே லைனில் மோனோவாகச் சேர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன.

வைடனரை எடுத்தேன். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ. அப்புறம் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும் எஃபெக்ட்). மேலே ஹார்மோனிக்ஸ் (அடிச்சுரத்தின் மடங்கு அதிர்வெண்கள்) வந்தால் சின்ன பாக்ஸிலும் அடிச்சுரம் காதுக்குப் புலப்படும். இரவு முதல் டிராப்பிலேயே (பேஸ் முழுசாக இறங்கும் இடம்) மேடையின் தகர ஷீட் கடகடவென்று ஆடியது.