இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

விமானப் பயண நேரத்தை நாமே மதிப்பிடுவதற்குத் தூரம், வேகம், காற்று ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றுள் நிலையானது தூரம் மட்டுமே என்பதால் அதிலிருந்து தொடங்குவதே முறை.

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் விடை தவறிவிடும். பூமி உருண்டை என்பதால், அதன் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். உலக உருண்டையின் மீது இரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இந்த வில் கண்ணுக்கே தெரியும்.

துல்லியமாகக் கணக்கிட விரும்பினால், நகர மையத்தை விடுத்து, விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன் மதிப்புகளைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனோடு பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கிடைப்பது இடைக்கோணத்தின், அதாவது பூமியின் மையத்தில் இரு நிலையங்களுக்கும் இடையே அமையும் கோணத்தின், கோசைன். அதிலிருந்து கோணத்தைக் கண்டுபிடித்து, ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் தூரம் வந்துவிடும். இலண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே இக்கோணம் ஏறத்தாழ 49.8 பாகை, ஆகவே தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். பூமி முழுமையான கோளம் அல்ல என்றாலும், அதனால் நேரும் பிழை நேர மதிப்பீட்டைப் பாதிக்கும் அளவுக்குப் பெரியதன்று.

நீண்டதூர ஜெட் விமானங்கள் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை வேகத்தில் பறக்கின்றன. தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறுதல், இறங்குதல், ஓடுபாதை வரை நகர்தல் ஆகியவற்றுக்காக அரை மணி நேரம் சேர்த்தால் மேற்கண்ட பயணத்துக்கு ஏழு மணி நேரம் வரும். குறுகிய பயணங்களில் இந்த அரை மணி நேரமே மொத்தத்தில் பெரும்பங்காகிவிடும் என்பதால் அதை ஒருபோதும் விட்டுவிடலாகாது.

ஆனால் அந்த ஏழு மணி நேரத்தை இரு திசைக்கும் பொதுவாகக் கொள்ள முடியாது. நடு அட்சரேகைப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் கிழக்கே செல்லும் விமானத்தை முன்தள்ளும். மேற்கே செல்வதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். 2020 பிப்ரவரியில் கடும் காற்றின் துணையோடு ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து இலண்டனை ஐந்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே அடைந்தது. குளிர்காலத்தில் இந்தக் காற்று வலுப்பெறுவதால் வேறுபாடும் கூடுகிறது.

மூடப்பட்ட வான்வெளியையும் கவனியுங்கள். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பின்னர், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. பெருவட்டத் தூரம் மட்டும் தெரிந்தவருக்கு இது விளங்காது.

இறுதியாக, கால அட்டவணையோடு ஒப்பிடும்போது, புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்திலேயே தரப்பட்டிருக்கும் என்பதால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான வேறுபாடு ஐந்து மணி நேரம். கோடைகால நேரத்துக்கு இரு நாடுகளும் வெவ்வேறு நாள்களில் மாறுவதால், மார்ச் மாதத்தில் சில வாரங்கள் அது நான்காகக் குறையும். அந்த வாரங்களில் பயணத் தேதியைக் குறிப்பிட்டே நேர வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள்.