சர்வதேச உறவுகள் ஆய்வு: முதல் வாரங்களிலேயே நடந்துவிடும் தவறுகள்

சர்வதேச உறவுகள், பாதுகாப்பு, ஆட்சிமுறை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் கெடுவதில்லை. எந்த நிகழ்வுகளை எடுப்பது, எதை எப்படி எண்ணுவது என்று முடிவுசெய்யும்போதே பாதி கெட்டுவிடுகிறது.

மிகப் பரவலான தவறு, நடந்ததை மட்டும் பார்ப்பது. 'பொருளாதாரத் தடைகளால் பலன் உண்டா?' என்று கேட்டுவிட்டு, விதிக்கப்பட்ட தடைகளை மட்டும் பட்டியல் போடுகிறார்கள். தடை வரும் என்ற மிரட்டலுக்கே பணிந்துபோன நாடு அந்தப் பட்டியலில் வராது. மிஞ்சுவது பிடிவாதம் பிடித்தவர்கள்தான். அவர்களை வைத்துத் தடைகளால் பயனில்லை என்று எழுதினால் அது எப்படிச் சரியாகும்? அணு ஆயுத ஆய்விலும் இதே கதை. குண்டு வைத்திருக்கும் நாடுகளை மட்டும் படித்தால், ஏன் செய்தார்கள் என்பதற்கு அரை பதில்தான் கிடைக்கும். யோசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட சுவீடனும் அந்த ஆய்வில் இருக்க வேண்டும். ஆறு குண்டுகளைச் செய்து முடித்து, பிறகு தானே பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்காவும் வேண்டும். அதை அதிபர் டி கிளார்க் உலகுக்குச் சொன்னது 1993-இல்.

அடுத்தது, தரவோடு வரும் விளக்கக் கையேட்டைப் புரட்டாமலே எண்களை எடுத்துக்கொள்வது. உப்சாலா பல்கலைக்கழகத்தின் தரவுத்தொகுப்பில், ஓர் ஆண்டில் 25 பேர் சண்டையில் இறந்தாலே அது ஆயுத மோதல். 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' தொகுப்பில் போர் என்று எழுத 1,000 பேர் இறந்திருக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒன்றில் மோதல் பதிவாகியிருக்கும், மற்றொன்றில் போரே இருக்காது. போதாக்குறைக்கு, ஆயுதமற்ற பொதுமக்களை அரசே கொன்றால், உப்சாலாவில் அது தனிப் பிரிவில் போய்விடும். இது தெரியாமல் 'அமைதியான ஆண்டுகள்' என்று எழுதிவிடுவார்கள்.

நாடுகளின் ஆட்சி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் ஆட்சிமுறைக் குறியீடுகளிடம் இன்னும் கொஞ்சம் சந்தேகம் தேவை. உலக வங்கியின் ஆட்சிமுறைக் குறியீடுகள், நிபுணர்கள், நிறுவனங்கள், மக்கள் ஆகியோரின் கருத்துகளைத் திரட்டிச் செய்யப்படுபவை. பொருளாதாரம் நன்றாக ஓடும்போது அரசைப் பற்றிய அபிப்பிராயமும் உயரும். நல்லாட்சியால் வளர்ச்சி வந்ததா, வளர்ச்சியால் நற்பெயர் வந்ததா என்று பிரிக்காமல் சமன்பாடு போடுவது வீண் வேலை. பிழை வரம்பை, அதாவது மதிப்பெண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைப் பார்க்காமல், தரவரிசையில் இரண்டு இடம் இறங்கியதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதுவதும் அப்படித்தான்.

தலைவர்கள் பேசியதை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1962 கியூபா நெருக்கடியில் சோவியத் தலைவர் குருசேவ் அங்கே வைத்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றதை, அமெரிக்க உறுதிக்குக் கிடைத்த வெற்றி என்றே பலர் நெடுங்காலம் படித்தார்கள். ஆனால் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்ற அதிபர் கென்னடி தரப்பு ரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது. பங்கேற்றவர்களே அதை முழுமையாக ஒப்புக்கொள்ள 1980-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆவணக்காப்பகம் இன்னும் திறக்காத காலத்தை ஆராய்கிறவர் தன் முடிவை அதற்கேற்ற நிதானத்துடன் எழுத வேண்டும்.

கோட்பாட்டு அத்தியாயம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யதார்த்தவாதம், தாராளவாதம் என்று முப்பது பக்கம் எழுதிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பாதவர்கள், அதை எடுத்துவிட்டாலும் ஆய்வு மாறாது.

மோதல் பகுதியில் நேர்காணல் எடுப்பவர்களுக்கு வேறு கவலை உண்டு. பேட்டி கொடுத்தவரின் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஊரும் பதவியும் தேதியும் அப்படியே இருந்தால், உள்ளூர்க்காரர் நொடியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ஒலிப்பதிவையும் பெயர்ப்பட்டியலையும் ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு எல்லையைக் கடப்பது அதைவிட ஆபத்து.