"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள்

பிராட்பேண்ட் புகார் பிரிவில் வேலை பார்த்தபோது நான் அதிகம் கேட்டது, "நெட் ஸ்லோவா இருக்கு" என்பதைத்தான். அதை மட்டும் வைத்து எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வோம், புகார் மூடப்படும். உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

முதலில் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. வேறு சோதனை வேண்டாம், உடனே புகார் கொடுங்கள்.

சிவப்பு இல்லையா? சரி, லேப்டாப்பை லேன் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் எடுத்த வேகக் கணக்கை நாங்கள் ஏற்க மாட்டோம். நடுவில் ஒரு சுவர் இருந்தாலே வேகம் குறையும். அப்புறம் பிங் (ping) கட்டளையில், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையில், மோடத்தின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) 100 முறை சோதியுங்கள். அதேபோல இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-ஐயும் சோதியுங்கள். மோடத்திலிருந்து ஒரு பதில்கூடத் தவறாமல், 8.8.8.8-இலிருந்து மட்டும் பத்துப் பதினைந்து பதில்கள் தொலைந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். இந்தச் சோதனையைக் காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் செய்து, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். இரவில் மட்டும் மோசமென்றால் பாதையில் நெரிசல் இருக்கலாம். இதையெல்லாம் சொல்லும் வாடிக்கையாளரை நாங்கள் நேராக நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம்.

புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி அதைத் தருவது நிறுவனத்தின் கடமை. தீர்வு திருப்தி இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்.