17 பி மெமோ வந்ததும் ஊழியர்கள் செய்யும் தவறுகள்

17 பி மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கைக்கு வந்த அன்றே அரசு ஊழியர் சங்கத்துக்கு வருபவர்கள் குறைவு. டீக்கடையில் நாலு பேரிடம் யோசனை கேட்டு, ஒரு பதிலையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகல்கூட இல்லாமல் வருகிறவர்களே அதிகம். அதற்குப் பிறகு சங்கத்தால் செய்யக்கூடியது பாதிதான்.

மெமோவை வாங்க மறுப்பதில் எந்த லாபமும் இல்லை. மறுத்ததாகக் குறிப்பு எழுதி, வீட்டுக் கதவில் ஒட்டி, சார்வு செய்தாயிற்று, அதாவது உங்களிடம் சேர்ப்பித்தாயிற்று என்று கணக்கு வைத்துவிடுவார்கள். வாங்குங்கள். கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். மெமோவில் பத்து நாள் முன்தேதி போட்டிருந்தாலும், பதிலுக்கான கெடு நீங்கள் வாங்கிய நாளிலிருந்துதான் என்று வாதாட அந்த ஒரு தேதி போதும்.

அடுத்து, அது 17 ஏ-வா, 17 பி-யா என்று பாருங்கள். 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17 ஏ என்பது கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது. 17 பி பணிநீக்கம் வரை போகும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வும் எட்டாது. 17 பி-யோடு வழக்கமாக நான்கு இணைப்புகள் வரும்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். ஏதாவது விடுபட்டிருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது மன்னிப்புக் கடிதம்தான். "வேலைப்பளுவால் கவனக்குறைவு ஏற்பட்டுவிட்டது, கருணைகூர்ந்து மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். விசாரணையே இல்லாமல் தண்டனை வரலாம். மேலதிகாரி "எழுதிக் கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்வது நல்லெண்ணத்திலேயே இருக்கட்டும். நாளை அவர் மாறுதலில் போய்விடுவார், கடிதம் கோப்பில் இருக்கும். கோப்பு காணாமல் போனதாகக் குற்றச்சாட்டு என்றால் இப்படி எழுத வேண்டும்: "குற்றச்சாட்டு 1-ஐ மறுக்கிறேன். அக்கோப்பு இன்ன தேதியில், தன்பதிவேட்டின் (ஊழியர் தன்னிடம் வரும், போகும் கோப்புகளைப் பதியும் ஏடு) இன்ன பக்கத்தில் ஒப்புகை பெற்று அடுத்த பிரிவுக்கு அனுப்பப்பட்டது. வாய்மொழி விசாரணை கோருகிறேன்." கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாய்மொழி விசாரணை வேண்டுமா, உங்கள் தரப்பை நேரில் கேட்டால் மட்டும் போதுமா என்று விதியே உங்களிடம் கேட்கிறது. கேட்காமல் விட்டால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு கைநழுவும்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். 2019-இல் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. குற்றச்சாட்டு அதற்கு முந்தைய காலத்தது என்றால், பதிவேடு சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறதா, புது மாவட்டத்துக்குப் போனதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "ஆவணங்களைப் பார்க்காமல் பதில் தர இயலாது, பார்வையிட அனுமதியும் கால நீட்டிப்பும் தேவை" என்று மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தை மட்டும் நம்பினால் நேரம் போய்விடும். அதில் பதிலுக்கு 30 நாள். மெமோவில் வழக்கமாகக் கொடுப்பது 15 நாள்.

எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் வேண்டவே வேண்டாம். வெளியார் செல்வாக்கைப் பயன்படுத்துவது நடத்தை விதிகளின்படியே தவறு. அதற்கே இன்னொரு மெமோ வரும்.

சங்கம் போன் போட்டால் மெமோ ரத்தாகும் என்ற எதிர்பார்ப்பும் வீண். பதில் வரைவு, ஆவணம் தேடுவது, கெடுவைக் கண்காணிப்பது, விசாரணையில் துணைக்கு உட்காருவது, இவைதான் சங்கத்தின் வேலை. துணைக்கு வருபவரும் சங்க நிர்வாகி என்ற முறையில் வருவதில்லை, சக அரசு ஊழியராகத்தான் வருகிறார். அதனால் அவர் பெயரை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணையில் சாட்சி சொன்னது ஒன்று, எழுதப்பட்டது வேறு என்றால் அங்கேயே ஆட்சேபம் எழுதுங்கள். படிக்காமல் எந்தப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டாம்.

விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை விதிக்க வேண்டும் என்று 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டேன்" என்று அந்த வாய்ப்பை விடாதீர்கள். தண்டனை ஆணை வந்தால் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம். அது ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து.

சஸ்பென்ஷனில் இருப்பவர்கள், வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றைக் கொடுக்காமல் விட்டுப் பிழைப்பூதியம் நின்ற பிறகு ஓடிவருகிறார்கள். அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியூர் போவதும் தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

வேலைநிறுத்தத்துக்காக வந்த மெமோவுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதாதீர்கள். சங்கம் எல்லோருக்கும் ஒரே வரைவு தரும்.

சங்கத்துக்கு வரும்போது மெமோ, இணைப்புகள், முன்பு கொடுத்த வாக்குமூலத்தின் நகல், சந்தா ரசீது எல்லாம் இருக்கட்டும். மெமோ தபாலில் வந்திருந்தால் அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதித் தகராறு வந்தால் அதன் மேலுள்ள அஞ்சல் முத்திரைதான் உங்களுக்குச் சாட்சி.