நீண்ட விமானப் பயணத்தில் படம் பார்க்க: சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சேலத்துப் பெற்றோருக்குப் பயணம் வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் சுமார் 5 மணி நேரம். அங்கே 3 மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். சீட்டில் போய் உட்காரும்போது போனில் பாதி சார்ஜ்கூட மிஞ்சாது. அதனால் காரில் போகும்போதே சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

விமானத்துத் திரையில் படங்கள் நிறைய இருக்கும், தமிழ்ப் படங்கள் கொஞ்சம்தான். ஏற்காடு ரோட்டில் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ காலத்துப் படங்களை விரும்புகிறவர்களுக்கு அங்கே அநேகமாக எதுவும் கிடைக்காது. சொந்த போனில் 3 படங்களாவது இருக்கட்டும்.

வீட்டு வைஃபையில், படங்களைப் பார்க்கும் ஆப்புக்குள்ளேயே டவுன்லோட் செய்யுங்கள். டப்பிங் படம் என்றால் தமிழ் ஆடியோவை முதலில் தேர்ந்தெடுங்கள். சில ஆப்களில் டவுன்லோட் ஆன பிறகு மொழியை மாற்ற முடியாது. முடிந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் நடுவிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பாதியில் நின்றுபோன டவுன்லோட் அப்போதுதான் தெரியும். இந்தச் சோதனையைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி செய்வதே சரி. ஒருமுறை ஓட்ட ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் காலாவதியாகும் படங்கள் உண்டு. ஒரு வாரம் முன்னாலேயே சோதித்தால், விமானத்தில் திறக்கும்போது இன்டர்நெட் கேட்டு அடம்பிடிக்கும்.

அதிகம் சொதப்புவது சத்தம்தான். சொந்த ஹெட்போனை விமானத் திரையில் செருக, வயர் உள்ளதாக, 3.5 மில்லிமீட்டர் பின்னோடு இருக்க வேண்டும். சில பழைய விமானங்களில் கைப்பிடியில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அதற்கு இரட்டைப் பின் அடாப்டர் தேவை. ஒரு காதில் மட்டும் கேட்டால் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பின் முழுதாக உள்ளே போகாததே பெரும்பாலும் காரணம். அழுத்திச் செருகி, லேசாகத் திருப்பிப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும்தான் என்றால், விமானத்து ஹெட்போன் ஓட்டையில் செருகிச் சத்தத்தை ப்ளூடூத்தில் அனுப்பும் சின்ன ட்ரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கி, வீட்டிலேயே இணைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் காது அடைத்துக்கொள்ளும் அல்லவா, விமானத்திலும் அதேதான் நடக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். அப்போது வசனம் மங்கிக் கேட்பது காதினால்தான், ஹெட்போனில் கோளாறு இல்லை. சத்தத்தைக் கூட்டினால், காது திறந்தவுடன் சுரீரென்று அடிக்கும். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் முனை வைத்துக் காதை இறுக அடைக்கும் இயர்போனை விமானம் இறங்கும்போது கழற்றிவிடுவது நல்லது. வெளிக்காதிலும் அழுத்தம் சிக்கி வலிக்கும்.

எந்தப் படத்தை எப்போது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிளம்பிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அறிவிப்பு, தண்ணீர், சாப்பாடு என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் திரை நிற்கும். அந்த நேரத்துக்கு நகைச்சுவைக் காட்சிகள் போதும். பெரிய படத்தைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போன பிறகு தொடங்குங்கள். திரையில் வரும் மேப்பில் மிச்ச நேரம் தெரியும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே திரையை அணைத்துவிடுவதும் உண்டு. அதனால் 3 மணி நேரம் மிச்சமிருக்கையில் இரண்டே முக்கால் மணி நேரப் படத்தைத் தொடங்கினால் கிளைமாக்ஸ் போய்விடும்.

கால் நீட்டலாம் என்று முதல் வரிசையைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல விமானங்களில் திரை கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் மூடித்தான் வைக்க வேண்டும். திரை உறைந்துபோனால் பணியாளரிடம் சொன்னால் அந்த சீட்டுக்கு மட்டும் ரீசெட் செய்வார்கள். படம் எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. விமான நிறுவனத்தின் அனுமதி பெறாமல் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பு 100 வாட்-ஹவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர்தான். ஆனால் கொண்டுபோக அனுமதி என்றால் பயன்படுத்த அனுமதி என்று அர்த்தமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடுவதைத் தடை செய்துவிட்டன. சீட்டிலுள்ள யுஎஸ்பியை நம்பினால், பழையவற்றில் மெதுவாகத்தான் ஏறும், படம் ஓடும்போது ஏறவே ஏறாது. தூங்கும் நேரத்தில் செருகிவிடுங்கள்.

உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும். திரையையே பார்த்தால் கண் சிமிட்டுவதும் குறையும், எரிச்சல் வரும். விளக்கை அணைத்ததும் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒரு படம் முடிந்தால் எழுந்து கழிவறை வரையாவது நடந்துவிட்டு வாருங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கும்.

தூக்கத்தில் போன் சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால், தேடுவதற்காக சீட்டை முன்னே பின்னே அசைக்கவே கூடாது. நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். அப்படியே விட்டுவிட்டு, மேலே உள்ள பட்டனை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.