இளம் குடும்பங்கள் வர வேண்டுமா? முதலில் ஆராதனை நேரத்தைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். "பிள்ளைக்காரர்கள் வருவதே இல்லை" என்று குறைப்படும் சபையாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆராதனை எத்தனை மணிக்கு? ஞாயிறு காலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் தாய் எட்டு மணிக்கு எப்படி வருவாள்? மாதத்தில் ஒரு ஞாயிறாவது பின்னேரம் மூன்று மணிக்கு வையுங்கள். இருட்டுமுன் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பிவிடலாம்.

அப்புறம், வாசல் பக்கம் பாய் விரியுங்கள். சீமெந்துத் தரை குளிரும், அடியில் சாக்கு போடுங்கள். பால்மா கரைக்க ஒரு போத்தல் சுடுதண்ணீர். பிள்ளை அழுதால் முறைத்துப் பார்க்கும் மூத்தவர்களிடம் போதகரே பேச வேண்டும். நம் பேச்சு அங்கே எடுபடாது.

வீடு சந்திப்பை விட்டுவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளரிடம் ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமார் லயங்களைத் தேடிப் போனவர்கள்தானே. ஆனால் காணிக்கைக் கவரோடு போகாதீர்கள், அதுவும் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டி! தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் என்றால் பிள்ளையை வளர்ப்பது அம்மாயிதான், தாயின் அம்மா. அழைப்பை அவரிடமே கொடுங்கள். கணவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரா? மதம் மாறச் சொல்லி விரட்டாதீர்கள். ஒலிபெருக்கி பூட்டவும் கரோல் போகும்போது டோர்ச் பிடிக்கவும் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்.

நோட்டீஸ் அடிப்பதா? சரி, காசு மிஞ்சினால் பார்க்கலாம்.