விரல் வெளுத்து மூச்சும் வாங்குகிறதா? நுரையீரல் பிரஷரைக் கவனிக்கும் வழி

முக்கூடல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பீடி சுற்றும் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். "அண்ணாச்சி, நாலு படி ஏறுனா மூச்சு முட்டுது, ஒரு டானிக்கு குடுங்க" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். ஊறவைத்த இலையை எடுக்கும்போது விரல் நுனி வெளுத்து, நீலம் பாரித்து, அப்புறம் சூடு பட்டதும் சிவக்கிறதா? தோல் தடித்துப் பளபளத்து, பீடி முனையை மடக்க விரல் வளைய மறுக்கிறதா? அப்படியென்றால் டானிக்கை விட்டுவிட்டு வாத நோய் நிபுணரைப் பாருங்கள். ஸ்கிளிரோடெர்மா என்கிற தோல் இறுக்க நோயாக இருக்கலாம். எல்லாரும் பழியைப் புகையிலைத் தூள் மேல்தான் போடுவார்கள். தூள் நெஞ்சைக் கெடுக்கும், சரி. தோலை இறுக்காது.

நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குவதால் வருவது இது. தோலோடு நிற்காது. நுரையீரலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றி மேக்ரோபேஜ், டி செல், பி செல் என்ற எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கூடிவிடும். இன்டர்லூகின்-6 போன்ற பொருள்களைச் சுரந்து அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும். குழாயின் உள்சுவர் கெடும், தசைச் செல்கள் பெருகும், வழி குறுகும். அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே வலது பக்க இதயம் தளர்ந்துபோகும். ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நுரையீரல் பிரஷர் வருகிறது. இதேபோல் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் உள்ளவர்களுக்கும் வரலாம்.

"பிரஷர் பார்த்தாச்சு, 120/80, நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது கையில் பார்த்த பிரஷர். நுரையீரல் பிரஷர் வேறு கணக்கு. அதன் சராசரி சாதாரணமாக 14 வாக்கில் இருக்கும், 20-ஐத் தாண்டினால் நோய். ஸ்கிளிரோடெர்மா என்று உறுதியானவர்கள் மூச்சு வாங்காவிட்டாலும் வருடம் ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். ரிப்போர்ட் வாங்கும்போது வலது பக்க அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையில் டிஎல்சிஓ என்ற அளவையும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் காற்று எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்பது) சேர்க்கச் சொல்லுங்கள், மூச்சின் அளவை மட்டும் பார்க்கும் வெறும் ஸ்பைரோமெட்ரி போதாது. சந்தேகம் வந்தால், ரத்தக் குழாய் வழியாக வலது இதயத்துக்குள் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு அளந்துதான் முடிவு சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயந்து தட்டிக் கழிக்காதீர்கள். அதைச் செய்யாமல் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவது சரியில்லை.

இனி என் தொழில். சீட்டில் சில்டெனாஃபில் 20 மில்லிகிராம், மூன்று வேளை என்று எழுதியிருக்கும். வீட்டுப் பையன் போனில் தேடுவான், வயக்ரா என்று வரும், அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுவான். தம்பி, அதே மருந்துதான். நுரையீரல் குழாயையும் அது விரிக்கும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: நெஞ்சு வலி என்றதும் நம் ஊரில் நாக்குக்கு அடியில் வைக்கிறார்களே, சார்பிட்ரேட், அதை இதோடு சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், சில்டெனாஃபில் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

நுரையீரல் பிரஷருக்கான இன்னொரு மாத்திரையான போசென்டான் எழுதியிருந்தால் மாதாமாதம் ஈரல் சோதனை உண்டு. கர்ப்பம் தரிக்கக் கூடாது.

அப்புறம் ஸ்டீராய்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூச்சு சரியானதே, எனக்கும் அதையே கொடுங்கள் என்பார்கள். லூபஸில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தால் நுரையீரல் பிரஷர் குறைவது உண்டு. ஸ்கிளிரோடெர்மாவில் பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. ஸ்டீராய்டு அளவு கூடினால் சிறுநீரகமே கெட்டுவிடலாம். சீட்டில்லாமல் எந்தக் கடையில் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கால் வீங்கினாலோ, நடக்கும்போது மயக்கம் வந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் இவற்றை இருப்பு வைப்பது குறைவு, திருநெல்வேலியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.